அம்மாவுக்காக வாங்கிய வாந்தி மாத்திரை

மருந்துக் கடையில் நிற்கிற யாரும் தனக்காக மருந்து வாங்குவதில்லை. கவனித்துப் பாருங்கள். மூலத்துக்குக் களிம்பு கேட்கிறவர் 'மாமனாருக்கு' என்பார். முடி வளரத் தைலம் கேட்கிறவர், தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு 'ஃப்ரெண்டுக்கு' என்பார். வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கேட்டு, கால்மாற்றிக் கால்மாற்றி நிற்கிறவர்கூட 'வீட்ல ஒருத்தருக்கு' என்றுதான் சொல்வார். கடைக்காரரும் நம்பியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பார்.

நானும் ஒருமுறை அப்படிச் சொன்னேன். மீனம்பாக்கம் விமான நிலையத்து மருந்துக் கடையில், 'எங்கம்மாவுக்கு' என்று. அந்த ஒரு வார்த்தையால் ஒரு வேன் நிறைய என் சொந்தக்காரர்கள் ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்கள். அதே நேரத்தில் நான் ஆகாயத்தில் என் மேனேஜரின் பேன்ட்டை நாசம் செய்துகொண்டிருந்தேன். இரண்டாயிரங்களின் நடுவில், எனக்கு இருபத்து நாலு வயதும் நாற்பது வயதுக்கான பந்தாவும் இருந்த காலம் அது.

முதலில் என் வயிற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு பஸ் ஆகாது. தாம்பரத்தில் ஏறினால் குரோம்பேட்டை வரை நான் மனிதன். பல்லாவரத்தில் வாயில் எச்சில் ஊறும். கிண்டி வருவதற்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் என் முகத்தைப் பார்த்துத் தாங்களாகவே எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள் (மரியாதையில் இல்லை, பயத்தில்). பள்ளிக்கூடத்தில் மகாபலிபுரம் சுற்றுலா போனபோது, கேளம்பாக்கம் முனையில் பஸ்ஸை நிறுத்தி, என்னை இறக்கி, காலிசெய்து, மறுபடி ஏற்றினார்கள். ரயில் மட்டும் ஒன்றும் செய்யாது. எலெக்ட்ரிக் டிரெயினில் பீச் வரை தொங்கிக்கொண்டுகூடப் போவேன்.

ஓ.எம்.ஆரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தபோது, எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் முனைக்கே கம்பெனி பஸ் வந்தது. ஏ.சி. பஸ். நான் அதில் ஏறவே இல்லை. மழையிலும் வெயிலிலும் பைக்கில் போனேன். கேட்டவர்களிடம், "எனக்கு ரோடு பிடிக்கும். காத்து மூஞ்சில அடிக்கணும்" என்றேன். ஆபீசில் இரண்டு பேர் அதை நம்பி என்னைச் சாகசப் பிரியன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து என் மேனேஜர், சுந்தரேசன் சார். நெற்றியில் பளிச்சென்று விபூதி, முகத்தில் எப்போதும் ஒரு அக்கறை. சின்ன வயதில் டாக்டர் ஆக ஆசைப்பட்டு, சீட் கிடைக்காமல் கம்ப்யூட்டர் பக்கம் ஒதுங்கியவர். ஆசை மட்டும் ஒதுங்கவில்லை. அவர் மேசை டிராயரில் ஒரு மருந்துக் கடையே இருந்தது. யாராவது தும்மினால் போதும், கையில் மாத்திரையோடும் தண்ணீர் பாட்டிலோடும் வந்து நிற்பார். கொடுத்துவிட்டுப் போகவும் மாட்டார். "முழுங்கிட்டீங்களா? எங்க, நாக்கக் காட்டுங்க" என்பார். எங்கள் தளத்தில் அவர் பார்க்காத நாக்கு கிடையாது. நல்ல மனிதர். உதவி செய்யாமல் இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த சுந்தரேசன் சாரோடு டெல்லிக்குப் போய் ஒரு வாடிக்கையாளர் முன்னால் பேச வேண்டும் என்று எனக்கு உத்தரவு வந்தது. அங்கே ஒழுங்காகப் பேசினால், அடுத்து ஒரு வருடத்துக்கு வெளிநாடு. எங்கள் வீட்டில் அந்த 'வெளிநாடு' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: மாடி. அப்பா பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். கீழ்த்தளம் மட்டும் கட்டி, மேலே நான்கு மூலையிலும் கம்பியை நீட்டிக்கொண்டு எங்கள் வீடு பல வருடமாக நின்றது. தெருவில் யார் விலாசம் கேட்டாலும் 'கம்பி நீட்டிக்கினு இருக்குமே, அந்த வூடு' என்றுதான் வழி சொல்வார்கள். அந்தக் கம்பிகளுக்கு நான்தான் ஒரே நம்பிக்கை.

"ஃபர்ஸ்ட் டைம் ஃப்ளைட்டா, ஜோயல்?" என்று சார் கேட்டார்.

"சே சே, நிறைய தடவை போயிருக்கேன் சார்" என்றேன்.

அதுவரை விமானத்தின் அடிவயிற்றை மொட்டை மாடியிலிருந்து பார்த்தது மட்டும்தான் என் அனுபவம். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. வயது அப்படி.

கிளம்புகிற அன்று காலையில் அம்மா என் பையில் ஒரு மாத்திரை அட்டையை வைத்தாள். வாந்திக்கு. என் பிறந்த நாளை மறந்தாலும் மறப்பாள், அதை மறக்கமாட்டாள்.

"அம்மா, இது பஸ் இல்ல. ப்ளேன். அதுல மேடு பள்ளமே கிடையாது" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும், தம்பி."

"சார் பார்த்தா என்ன நினைப்பார்?"

அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் அட்டையை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். அப்போது எனக்குள் எழுந்த பெருமிதத்தை நினைத்தால், இப்போதும் போய் அந்தப் பையனை ஓர் அறை விடலாம்போல இருக்கிறது.

விமானம் மத்தியானம்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் விமானம் ஏறுகிறான் என்றால் சும்மா விடுவார்களா? விடியற்காலையிலேயே எழுந்து தடபுடல். அப்பா, அம்மா, அக்கா பெனிட்டா, அத்தான், சாமுவேல் சித்தப்பா, சித்தி, அத்தைகள் என்று ஒரு வேன் நிறைய வழியனுப்பக் கிளம்பிவிட்டார்கள். வேன் தாஸ் அண்ணனுடையது. கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். கடலுக்குப் போகப் பிடிக்காமல் வண்டி ஓட்ட வந்தவர். ஏர்போர்ட் போகிறோம் என்பதற்காக அன்று வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார்.

வேனில் இட்லிப் பொட்டலம், அவித்த முட்டை, அத்தைகளின் மல்லிகைப்பூ, சித்தப்பாவின் தைலம், எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. குரோம்பேட்டையில் சிக்னல். பல்லாவரத்தில் சிக்னல். என் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. பின்னங்கழுத்தில் வேர்த்தது. இருபது நிமிட வேனுக்கே இப்படி என்றால்? இரண்டரை மணி நேரம், பக்கத்து சீட்டில் சுந்தரேசன் சார்? கம்பி நீட்டிய வீடு கண்முன்னே வந்து நின்றது. அட்டை ஃப்ரிட்ஜ் மேலே இருந்தது.

ஏர்போர்ட் வந்ததும் எல்லோரையும் வாசலில் ஒரு தூண் பக்கத்தில் நிறுத்தினேன். "யாரும் நகராதீங்க. சார் வந்துட்டாரான்னு பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே கூடத்துக்கு ஓடினேன். பயணிகள் செக்-இன் செய்யப் போவதற்கு முன்னால் ஒரு மூலையில் சின்ன மருந்துக் கடை இருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் 'மாமனாருக்கு' ஏதோ வாங்கிக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடந்து போனார்.

நான் கண்ணாடி மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "வாந்தி வராம இருக்க மாத்திரை" என்றேன்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தவில்லை. "வாந்தியா? வந்துடுச்சா, வரப்போவுதா?"

"வராம இருக்க. ஒரு அட்டை."

"யாருக்கு சார்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது.

"அதானே, யாருக்கு?" என்றார் சுந்தரேசன் சார். மருந்து வாசனை எங்கே அடித்தாலும் அவர் மூக்குக்கு எப்படித்தான் தெரியுமோ.

"எங்கம்மாவுக்கு" என்றேன்.

சார் முகம் மலர்ந்தது. "அம்மாவும் டெல்லி வர்றாங்களா?"

"இல்ல சார், வழியனுப்ப வந்திருக்காங்க. திரும்ப வேன்ல போகணும். வேன் அவங்களுக்கு ஒத்துக்காது."

"எங்க போகணும்?"

"ராஜகீழ்ப்பாக்கம்."

சார் நெற்றியைச் சுருக்கினார். "இந்தா இருக்கிற ராஜகீழ்ப்பாக்கத்துக்கா? அவ்வளவு தூரத்துக்கே வாந்தின்னா கொஞ்சம் சீரியஸ்தான். வாங்க, நான் பார்க்கிறேன்."

"வேணாம் சார், நானே குடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

"நோ நோ. பேஷன்ட்டப் பார்க்காம நான் மருந்து குடுக்கிறதில்ல" என்று சொல்லி, கடைக்காரர் என்னிடம் நீட்டிய அட்டையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். நான் ஆட்டுக்குட்டிபோலப் பின்னால் போனேன்.

வெளியே தூண் பக்கத்தில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. சாமுவேல் சித்தப்பா எங்கள் சபையில் மூப்பர். அவர் கண்ணை மூடினால் சாமானியத்தில் திறக்கமாட்டார். "இந்த விமானத்தின் இயந்திரங்களைத் தொடும், ஆண்டவரே. சக்கரங்களைத் தொடும். பைலட்டுக்கு நல்ல ஞானத்தைக் கொடும். அங்கே சாப்பாடு பரிமாறுகிற பிள்ளைகளையும் ஆசீர்வதியும்..." எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். சுந்தரேசன் சாரும் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, அட்டையைக் கைக்குள் வைத்துக் கும்பிட்டபடி நின்றார். 'ஆமென்' சொல்லிக் கண்ணைத் திறந்தால், எதிரே என் மேலதிகாரி.

"நீங்கதானே ஜோயலோட அம்மா? வேன்ல வாந்தி வருதாமே உங்களுக்கு?"

அம்மா சாரைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் சாரின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நொடிதான். அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஞாயிறுதோறும் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தி, பொய் சொல்கிற பிள்ளைகளை பெஞ்சு மேல் நிற்க வைக்கிறவள், ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள்,

"ஆமா சார். ரொம்ப வருது" என்றாள்.

சார் ஒரு மாத்திரையை அழுத்தி எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை வாங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். எனக்குக் கொடுக்கத்தான். "அப்புறமா போட்டுக்கறேன், சார்."

"அப்புறம்லாம் கூடாதும்மா. வண்டி ஏறுறதுக்கு முன்னாடியே போட்டாத்தான் வேலை செய்யும். இந்தாங்க தண்ணி."

அம்மா வேறு வழியில்லாமல் வாயில் போட்டாள்.

"எங்க, நாக்கக் காட்டுங்க."

வாத்தியார் வீட்டு அம்மா, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மீனம்பாக்கம் விமான நிலைய வாசலில், ஊரே பார்க்க நாக்கை நீட்டினாள். "தூக்குங்க" என்றார் சார். தூக்கினாள். மாத்திரை அங்கேதான் இருந்தது. "முழுங்கலையே!" என்று மறுபடி தண்ணீர் கொடுத்தார். இந்தத் தடவை போய்விட்டது.

சார் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முன்னால் ஒரு கூட்டமே நிற்கிறது. கையில் அட்டை மிச்சம் இருக்கிறது. "இந்த வெயில்ல, இந்த டிராஃபிக்ல யாருக்கு வேணா வரலாம். முன்னெச்சரிக்கையா எல்லாருமே போட்டுக்குங்க" என்றார்.

அப்பா, "எங்களுக்கெல்லாம் ஒண்ணும் செய்யாது சார்" என்று ஆரம்பித்தார். சித்தப்பா அவர் முழங்கையை இடித்தார். பையனுடைய மேனேஜர் தன் கையால் கொடுக்கிறார். வேண்டாம் என்று சொன்னால் வெளிநாடு என்ன ஆவது, மாடி என்ன ஆவது?

அதன்பிறகு நடந்ததை நான் என் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பமாட்டேன். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தப்பா முன்னால் வந்து, வலது கையை இடது கைமேல் வைத்து, இரண்டையும் ஏந்தி, தலையைக் குனிந்து நின்றார். அவருக்குப் பின்னால் அப்பா. அப்பாவுக்குப் பின்னால் அத்தான். ஆண்கள் முடிந்ததும் பெண்கள், முக்காடு போட்டுக்கொண்டு. சபையில் திருவிருந்து அப்பம் வாங்குகிற அதே வரிசை, அதே அமைதி. வருடக்கணக்கான ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். யாராவது ஒருவர் எதிரே நின்று ஒவ்வொருவருக்காகச் சின்னதாக ஏதோ கொடுத்தால் எங்கள் குடும்பம் இப்படித்தான் வாங்கும். சாருக்கு இது தெரியாது. இத்தனை மரியாதையோடு யாருமே அவரிடம் மாத்திரை வாங்கியதில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

நான் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குமிழாக உடைந்துகொண்டு வந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம். அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், தம்பிக்கு அந்த ஒண்ணு..." என்றாள்.

சார் சிரித்தார். "அவருக்கு எதுக்கும்மா? எத்தனையோ தடவை ஃப்ளைட்ல போனவர்."

"யாரு?" என்றார் அப்பா.

நான் இருமினேன். அந்த நேரம் பார்த்து, வண்டியை நிறுத்திவிட்டு தாஸ் அண்ணன் வந்து சேர்ந்தார்.

"இன்னா சார், எல்லாருக்கும் குட்த்துக்கினு கீறீங்க, நம்மள மட்டும் வுட்டுட்டீங்களே?"

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் பார்த்து, சார் அவரையும் ஒரு மாமா என்று நினைத்துவிட்டார். "ஸாரி ஸாரி, இந்தாங்க" என்று கடைசி மாத்திரையை அவர் கையில் வைத்தார். அவர்தான் டிரைவர் என்று நான் சொல்வதற்குள், தண்ணீர்கூட இல்லாமல் தாஸ் அண்ணன் அதை விழுங்கிவிட்டு, யாரும் கேட்காமலே நாக்கையும் காட்டினார்.

காலி அட்டையை சார் என் கையில் கொடுத்தார். "போற வழியில குப்பைத்தொட்டில போட்டுடுங்க, ஜோயல். வாங்க, நேரமாச்சு."

மருந்துக் கடையைத் தாண்டித்தான் உள்ளே போனோம். சாரின் கை என் தோள்மேல் இருந்தது. இன்னொரு அட்டை வாங்க இன்னொரு அம்மா வேண்டுமே. திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கையசைத்தார்கள். அம்மா மட்டும் கையசைக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, 'வந்தால் பையில் எடு' என்று சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.

விமானத்தில் சார் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தார், பழக்கப்பட்டவன் என்று. பெல்ட் போடத் தெரியாமல் இரண்டு முனையையும் முடிச்சுப் போடப் பார்த்தேன். அவரே வாங்கி மாட்டிவிட்டார். விமானம் ஓடுபாதையில் ஓடி எழும்பும்போது திரிசூலம் மலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் வயிறு மறுபக்கமாகச் சாய்ந்தது.

ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தேன் என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். மூச்சை அடக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு, நான் எலெக்ட்ரிக் டிரெயினில் இருக்கிறேன், சானட்டோரியம் தாண்டிவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஆம்லெட் வந்தது. எனக்கு முன்னால், பின்னால், பக்கத்தில், எங்கும் ஆம்லெட். மேடு பள்ளமே இல்லாத ஆகாயத்தில் விமானம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. என் கை தானாகவே ஜன்னலைத் திறக்கக் கொக்கியைத் தேடியது. கொக்கி இல்லை. முன் சீட்டின் பையில் அதற்கென்றே ஒரு காகித உறை இருக்கும் என்பது நிறைய தடவை விமானத்தில் போன எனக்குத் தெரியவில்லை. சார் பாய்ந்து அதை உருவி, விரித்து, என் வாய்க்கு நேராக நீட்டினார். பாதி அதில் விழுந்தது. மீதி அவருடைய சந்தன நிறப் பேன்ட்டில் விழுந்தது.

வேறொரு மேனேஜராக இருந்தால் அங்கேயே என் கதை முடிந்திருக்கும். சார் கழிவறைக்குப் போய்ப் பேன்ட்டை நனைத்துக்கொண்டு வந்தார், உட்கார்ந்தார், என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். முகத்தில் ஒரு திருப்திகூட இருந்தது. மறுபடி உறை கேட்டேன். கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஜோயல், அந்த மாத்திரை யாருக்கு வாங்கினீங்க?" என்றார்.

"எங்கம்மாவுக்குத்தான் சார்" என்றேன், உறைக்குள்ளிருந்து.

டெல்லியில் இறங்கியதும், வந்து சேர்ந்துவிட்டேன் என்று சொல்ல வீட்டுக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. தாஸ் அண்ணனிடம் செல்போன் உண்டு. அதற்கும் அடித்தேன். அதுவும் அடித்து அடித்து ஓய்ந்தது. நான் இந்தியாவின் அந்தக் கோடிக்கே வந்துவிட்டேன், மீனம்பாக்கத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் போனவர்கள் இன்னும் போய்ச் சேரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டைப் பையில் அந்தக் காலி அட்டை இன்னும் இருந்தது. அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை முதன்முறையாகப் படித்தேன். தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது.

"சார், அந்த மாத்திரை எனக்கு" என்றேன்.

"அது தெரிஞ்சதுதான்" என்றார் தன் பேன்ட்டைப் பார்த்தபடி. "அப்ப அம்மாவுக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"மத்தவங்களுக்கு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல சார்."

சார் கொஞ்சம் யோசித்தார். "கடைசியா வந்தாரே, வெள்ளைச் சட்டை மாமா?"

"அவர்தான் சார் டிரைவர்."

சுந்தரேசன் சார் அப்படியே சாமான் வண்டி மேல் உட்கார்ந்துவிட்டார். விபூதி கலைந்த நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போன் பண்ணுங்க. பண்ணிக்கிட்டே இருங்க" என்றார். அவர் போனிலிருந்தும் என் போனிலிருந்தும் மாற்றி மாற்றி அடித்தோம். அந்த நேரம் முழுக்க எனக்கு மாடியும் நினைவில்லை, வெளிநாடும் நினைவில்லை. 'பஸ்ல எனக்கு வாந்தி வரும்' என்று ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் போதுமே என்று மட்டும்தான் தோன்றியது. அழுகை வந்துவிட்டது. அழுதேன். சார் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் சரியாக இல்லை.

கடைசியில் வீட்டு போனை யாரோ எடுத்தார்கள். அம்மா. தூக்கக் கலக்கத்தில் குழறுகிற குரல். ஹலோகூடச் சொல்லவில்லை.

"தம்பி, வாந்தி எடுத்தியா?"

"எடுத்தேம்மா."

"எனக்குத் தெரியும். நாக்குக்கு அடியில உனக்குத்தான் வெச்சிருந்தேன். அந்த மனுஷன் தூக்கச் சொல்லிட்டாரு."

நடந்தது இதுதான். பல்லாவரம் வருவதற்கு முன்பே பின் சீட்டில் அத்தைகள் சாய்ந்துவிட்டார்கள். அடுத்து அக்கா, அத்தான், அப்பா. தாஸ் அண்ணன் வாயால் கேட்டால் மீதி இன்னும் நன்றாக இருக்கும்: "கண்ணாடில பாத்தா ஒருத்தர் முழிச்சிக்கினு இல்ல. எனக்கும் கண்ணு சொருவுது. இது இன்னாடா பேஜாரா பூட்ச்சுன்னு வண்டிய ஓரமா ஒரு மரத்தாண்ட கட்டிட்டு, சாவிய புடுங்கி பாக்கெட்ல போட்டுக்கினேன். அவ்ளோதான் நைனா தெரியும்." அந்த மனிதரின் நிதானத்துக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

வெயில் சாய்ந்த பிறகு ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் ஜன்னலைத் தட்டியிருக்கிறார். உள்ளே ஒரு குடும்பமே பட்டும் பூவுமாக, தலை ஒரு பக்கம் தொங்கக் கிடக்கிறது; மடியில் வேதாகமத்தோடு ஒரு பெரியவர். போலீஸ்காரர் பயந்துபோய்க் கதவைத் திறந்து, வாசல் பக்கம் இருந்த அப்பாவை உலுக்கியிருக்கிறார். அப்பா பாதிக் கண்ணைத் திறந்து கேட்ட ஒரே கேள்வி: "டெல்லி வந்துடுச்சா?"

சார் போனை என்னிடமிருந்து வாங்கி, அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மா என்ன சொன்னாள் என்பதை அப்புறம் அவரே சொன்னார்: "பரவாயில்ல சார். பெனிட்டா கல்யாணத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினேன்."

மறுநாள் கூட்டத்தில் நான் நன்றாகவே பேசினேன். வயிற்றில் ஒன்றுமே இல்லாததால் பதற்றம்கூட இல்லை. ஆனால் வெளிநாட்டுக்கு வேறொருவனை அனுப்பினார்கள். சார் என்னைக் கூப்பிட்டு, "உங்க திறமையில எனக்குச் சந்தேகமில்ல, ஜோயல். அது பதினோரு மணி நேர ஃப்ளைட்" என்றார். அதற்குப் பதிலாக, ரயிலில் போகக்கூடிய ஊர்களில் இருந்த வேலையெல்லாம் எனக்கு வந்தது. பெங்களூர், ஹைதராபாத், கொச்சி என்று ஸ்லீப்பரில் படுத்துக்கொண்டே ஊர் ஊராகப் போய்வந்தேன். எங்கள் வீட்டுக் கம்பிகள் மேலும் மூன்று மழைக்காலம் நனைந்த பிறகு மாடி எழும்பியது. முழுக்க முழுக்க ரயில் கட்டிய மாடி என்பார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் அதற்கப்புறம் யாரும் எதையும் தனக்கென்று கேட்பதில்லை. இரண்டாவது தடவை பாயசம் வேண்டுமென்றால், "எங்கம்மாவுக்கு" என்று கிண்ணத்தை நீட்டுவார்கள். என் கல்யாணத்துக்கு வந்த சுந்தரேசன் சார் பரிசுப் பெட்டியில் ஒரு அட்டை மாத்திரை வைத்திருந்தார். மேடை ஏறி அவர் கைகொடுத்தபோது, முன்வரிசையில் இருந்த என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நாக்கை நீட்டிக் காட்டினார்கள். பெண் வீட்டார் பயந்துவிட்டார்கள்.

பல வருடங்கள் கழித்து, அம்மாவை முதல்முறையாக விமானத்தில் அழைத்துப் போனேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும், டெல்லிக்கு. கட்டடமே மாறியிருந்தது; எல்லாம் கண்ணாடி. உள்ளே போகும்போது, ஒரு மருந்துக் கடையைப் பார்த்ததும் அம்மா நின்றாள். நான் தடுப்பதற்குள் நேராகப் போய்க் கண்ணாடியைத் தட்டி, "வாந்தி மாத்திரை ஒண்ணு குடுங்க" என்றாள்.

கடையில் இருந்த பெண் கேட்டாள், "யாருக்கும்மா? உங்களுக்கா?"

அம்மா திரும்பி, நரைத்த தாடியோடு பின்னால் நின்ற என்னை விரலால் சுட்டிக்காட்டினாள்.

"எனக்கு எதுக்கு? என் பையனுக்கு. பாவம், அவனுக்குச் சொல்ல வெட்கம்" என்றாள், கூடமே கேட்கும்படி.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். வாங்கி விழுங்கிவிட்டு, நாக்கையும் தூக்கிக் காட்டினேன்.